ஓர் ஆட்டக்காரனை அளக்கச் சென்ற கதை

சென்ற ஆண்டு மே திங்களில் ஒருநாட் காலை, எம் கல்லூரி உடற்பயிற்சி இயக்குநரவர்கள் எம்மைத் தம் அறைக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள். அதில் ஆறு கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. வேகம், பந்தடக்கம், உதையின் வன்மை, தலையால் முட்டுதல், மூச்சு, குணம் என்பன அவற்றின் தலைப்புக்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். "உன் அன்னையார் ஊர் சேந்தமங்கலந்தானே? அங்கிருந்து மலை அருகில் இருக்கின்றது. விடுமுறையில் ஏறிச்சென்று அந்த வளப்பூர் நாட்டுப் பையனைப் பார்த்து வா. அவன் தேறுவானா, தேறமாட்டானா என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தா" என்றார்கள்.

யாம் கல்லூரிக் காற்பந்துக் குழுவின் செயலாளர். ஆட்டத்தில் இரண்டாம் கோல் காவலர். அஃதாவது, பெரும்பாலும் பெஞ்சியைக் காப்பவர். ஒருவன் ஆட்டத்தை அளந்து மதிப்பெண் இடும் தகுதி எமக்கு உண்டோ என்று நண்பர் நகைப்பர். யாமும் அன்று அவ்வாறே எண்ணினோம். ஆயினும் மறுத்துரைக்க நாவெழவில்லை.

முன்கதையைச் சிறிது கூறுதல் வேண்டும். அதற்கு முந்திய டிசம்பரில், மாவட்டப் பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டம் ஒன்றினை யாரோ கைப்பேசியிற் பதிந்து எம் இயக்குநருக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நிமிடக் காட்சி. அதில், கொல்லிமலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் இடப்புற ஆட்டக்காரன், மெலிந்த கருநிறச் சிறுவன், மூவரைக் கடந்து சென்று, நான்காமவன் வருமுன் பந்தைக் குறுக்கே தள்ளிவிட்டுத் தான் வெறுமனே நின்றான். கோல் அடித்தவன் வேறொருவன். இயக்குநர் அதனை ஐந்து முறை பார்த்து, "அடுத்த ஆண்டு இவனைக் கொணர்வோம்" என்றார்கள். ஜனவரியில் மற்றோர் ஆட்டத்தில், எவரும் தொடாத நிலையில், ஓடிவந்து காலை ஊன்றித் திரும்பிய அவன் கீழே விழுந்தான். வலது முழங்காலினுள்ளே ஏதோ நொடிந்த ஓசை தனக்கே கேட்டதாம். அன்று மாலைக்குள் முழங்கால் பலாப்பிஞ்சுபோல வீங்கிற்று. மாநில ஆட்டத்துக்குரிய தேர்வுக்கு அவன் செல்லவில்லை. ஆகவே, விளையாட்டு ஒதுக்கீட்டிற்குரிய சான்றிதழ்களை மாவட்டம், மாநிலம், நாடு எனப் படிப்படியாய்ப் புள்ளியிடும்பொழுது, அவன் கையிலிருந்தது மாவட்டச் சான்றிதழ் ஒன்றே.

எஞ்சியிருந்ததோ ஓரிடம். அதற்குச் சமவெளிப் பையன் ஒருவனும் விண்ணப்பித்திருந்தான். அவன் முழங்கால்கள் இரண்டும் நன்றாயிருந்தன, ஆட்டம் நடுத்தரம்.

வளைவு எழுபதும் ஏறி எம் பஸ் மலைமேற் சேர்ந்த கதையை இங்கு விரிக்க வேண்டா. கொல்லிமலை சென்றார் யாவரும் அதனை எழுதியிருக்கின்றனர். செம்மேட்டில் ஓரியின் சிலையைக் கண்டபொழுது எமக்குத் தோன்றியது ஒன்றை மட்டும் சொல்வோம். புறநானூற்றில் வன்பரணர் பாட்டொன்று உளது. காட்டிடைச் சென்ற பாணர் கூட்டம், ஒரு வேடன் விட்ட ஓரம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து ஓடிப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததைக் காண்கின்றது. கண்டு, இவன் கூலிக்குக் கொல்வான் போலும் தோன்றவில்லை, இவன் ஓரிதானோ, அல்லனோ என ஐயுறுகின்றது. வகுப்பில் இதனைப் பயின்றபொழுது யாம் வில்லின் சிறப்பையே கண்டோம். இரண்டு நிமிடக் காட்சியொன்றை ஐந்து முறை பார்த்து ஒருவனை இன்னான் என்று துணிந்த எம் இயக்குநரும் அப்பாணர் மரபினரே என்பது அன்றுதான் புலப்பட்டது. பாணர்க்கு ஒரு வசதி இருந்தது. அவர் கண்ட வில்லாளியின் தோள் அறுந்திருக்கவில்லை.

சிறுவனின் இல்லம் அறப்பளீசுவரர் கோயிலுக்குச் செல்லும் சாலையிலிருந்து பிரிந்து, மிளகுக்கொடி படர்ந்த மரங்களினூடே கால்நாழிகை நடந்தால் வருவது. யாம் சென்றபொழுது அவன் திண்ணையில் அமர்ந்து தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எழுந்து, "வாங்க அண்ணா" என்றான். எழும்பொழுது கையை ஊன்றி எழுந்ததை யாம் குறித்துக்கொண்டோம். தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

மாலையில் அவன் எம்மைப் பள்ளி விளையாட்டு வெளிக்கு அழைத்துச்சென்றான். மலையிற் சமதரையென்பது அரியது. கிடைத்த சமதரையெல்லாம் வயலாகிவிடும். ஆதலின் அவ்வெளி ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்து கிடந்தது. தாழ்ந்த பக்கம் பந்து ஓடிவிட்டால் காப்பிச் செடிகளுக்குள் இறங்கித் தேடவேண்டும். தேடியெடுப்பவன் உதைத்தவனே என்பது அங்குள்ள சட்டம். இடப்புறத்து ஆட்டக்காரன் அந்தச் சரிவின் விளிம்பிலேயே ஆடுகின்றான். பந்தைக் காலைவிட்டு ஒரு முழம் அகலவிடாத அவன் திறமை எங்கிருந்து வந்தது என யாம் வியந்ததுண்டு. காப்பிச் செடிகளைக் கண்டபின் வியப்பு நீங்கிற்று.

சிறுவர் பதின்மர் ஆடிக்கொண்டிருந்தனர். எம்மைக் கண்டதும் கோலில் நிற்க வற்புறுத்தினர். அவனோ ஓரத்துப் பாறையொன்றில் அமர்ந்து வாயிற் சீழ்க்கையோடு நடுவரானான். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு குறும்பன் பந்தோடு எம்மை நோக்கி ஓடிவர, பாறையிலிருந்து, "அண்ணா, அவன் உங்கள் இடக்கைப் பக்கந்தான் அடிப்பான்!" என்று குரல் வந்தது. யாம் நம்பாமல் வலப்பக்கம் சாய்ந்தோம். பந்து இடப்பக்கம் சென்றது. இவ்வாறு மூன்று முறை. நான்காம் முறை நம்பினோம்; பந்து எம் கையிற் சேர்ந்தது. எவன் யாருக்குத் தள்ளுவான், எவன் களைத்திருக்கின்றான், எங்கே வெற்றிடம் திறக்கப் போகின்றது என்பனவெல்லாம் நிகழ்வதற்கு ஒரு நொடி முன்னரே அவனுக்குத் தெரிந்திருந்தன. இரண்டு நிமிடக் காட்சியில் மூவரைக் கடந்த கால்களையே யாம் அனைவரும் பார்த்தோம். நான்காமவனுக்குமுன் பந்தை விட்ட கண்ணைப் பார்த்தவர் இலர்.

இருட்டியபின் அவன் வீட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் உண்டு, மின்விளக்கடியில் அவன் மருத்துவத் தாள்களைப் பார்த்தோம். முதலில் ஒரு மாதம் பச்சிலைக் கட்டு. வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. ஆகவே நலமென்றே எல்லோரும் நினைத்தனர். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதச் சென்றவன் பள்ளிப் படியில் இறங்கும்பொழுது கால் நழுவ விழுந்தான். பிறகே சமவெளிக்கு இறங்கி அரசு மருத்துவமனையிற் படம் எடுத்தனர். முழங்காலினுள்ளே தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் பிணைத்துச் சிலுவைபோற் குறுக்கிட்டுக் கிடக்கும் தசைநார்கள் இரண்டனுள் முன்னது முற்றும் அறுந்திருந்தது. நேரே நடப்பதற்கு இது பெருந்தடையன்று. சட்டெனத் திரும்பினாலும் கீழிறங்கினாலும் மூட்டு இடம் பெயர முயலும். "ஏறுவதற்கு அச்சமில்லை அண்ணா, இறங்கும்பொழுதுதான் கால் ஏமாற்றுகின்றது" என்று அவன் சொன்னது மருத்துவநூற் கூற்றேயாம். எழுபது வளைவின்மேல் வாழ்பவனுக்கு இறங்காமல் ஒரு காரியமும் இல்லை.

தையற்காரர் நாடாவொன்றை இரவல் வாங்கி அவன் தொடைகளை அளந்தோம். முழங்காற்சில்லுக்கு ஒரு சாண் மேலே, வலத்தொடை இடத்தொடையினும் மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது.

அறுந்த அந்நார் பெரும்பாலும் தானே ஒட்டுவதில்லை. நோயாளியின் தொடைப் பின்புறத்து நாரொன்றையோ முழங்காற்சில்லின்கீழ் உள்ளதையோ சிறிது எடுத்து அவ்விடத்தே பொருத்துவர். பொருத்திய நார் உயிர்பெற்று உறுதியாக மாதங்கள் பல வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்பியவர்கட்கு மீண்டும் அறுதல் மிகுதியென ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்குதொகுத்துப் பார்த்தவர் கூறுவது: சிகிச்சை பெற்றாரில் ஐந்தில் நால்வர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்புகின்றனர், முன்னிருந்த தரத்துக்குத் திரும்புவோர் மூவரில் இருவரே, திரும்பிய இளைஞருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அந்த முழங்காலோ மற்றதோ மறுபடியும் அறுகின்றது. இவ்வெண்களை யாம் முன்னரே படித்துக் குறித்து எடுத்துச்சென்றிருந்தோம். திண்ணையில் அவன் எதிரே அமர்ந்து அவற்றைப் பார்த்தபொழுது, மூவரில் இருவருள் இவன் ஒருவனா, எஞ்சிய ஒருவனா என்பதை எவ்வெண்ணும் சொல்லவில்லை.

அப்பொழுதுதான் அவன் தாயார், அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்று, எம்மை நோக்கி ஒரு வினா வினவினார். "ஏன் சாமி, கால் சரியாகாமற் போனால் பிள்ளையை நடுவிலே அனுப்பிவிடுவார்களா?"

விடை கூற யாம் வாய் திறந்தோம், சொல் வரவில்லை. எமக்கு மூன்றாண்டு மூத்தார் ஒருவர் நினைவு வந்தது. பெயர் வேண்டா. அவரும் விளையாட்டு ஒதுக்கீட்டிற் சேர்ந்து, முதலாண்டிலேயே கணுக்கால் முறிந்து, அடுத்த ஆண்டு குழுப் பட்டியலில் இடம்பெறாமையாற் கட்டணச் சலுகையும் இழந்து, ஒரு தீபாவளி விடுமுறைக்குச் சென்றவர் மீளவில்லை. அவருடைய காலணி இணை எம் பண்டசாலை அலமாரியின் மேல்தட்டில் நெடுநாள் இருந்தது. செயலாளரான நாளில் கணக்கெடுத்தபொழுது யாம் அதனை 'உரியவர் இலர்' என்று பதிந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மலைக்குளிர் ஒரு காரணம். பெருங்காரணம், மறுநாட் காலை வழியில் எமக்குக் காணக் கிடைக்கவிருந்த வாழவந்தி நாட்டின் நினைவு. அங்கே ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் இருவர் மலைமக்கட்கு மருத்துவமும் கல்வியும் அளித்து வாழ்ந்தனர். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலுற்று அம்மலையிலேயே இறந்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இற் பிறந்து, ஒன்பதாம் வயதுவரை கொல்லிமலை மரங்களில் ஏறித் திரிந்தவர். பிற்பாடு இலண்டனில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல் மடங்கிய கைகளை இனிப் பயனில்லையென்று அக்காலத்தார் ஒதுக்கியிருந்தனர். பிராண்ட் அக்கைகளைப் பற்றி, எத்தசை செயலற்றது என்பதோடு எத்தசை இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். முன்கையில் நன்னிலையிலிருந்த தசையின் நாரை எடுத்து விரலோடு பிணைத்தார். மடங்கிய கை திறந்தது. கதை அதனோடு முடிந்ததாகவே பலர் எழுதுகின்றனர். முடியவில்லை. திருந்திய கையோடு வெளிச்சென்றவர்க்கு வேலை தருவார் இல்லை. அதற்காகத்தான் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் புதுவாழ்வு நிலையம் ஒன்று வேலூரில் எழுந்தது. கையின் வருங்காலத்தை மதிப்பிட முயன்றவர், கைக்கு ஓர் இருப்பிடமும் அமைக்க வேண்டியதாயிற்று.

கடல்கடந்த நாட்டிலும் இதுபோன்றது ஒன்று நிகழ்ந்துள்ளது. அமெரிக்கர், பந்தைக் கையாற் பிடித்தோடும் தம் ஆட்டத்தையே காற்பந்து என்பர். அங்கே உயர்நிலைப்பள்ளிச் சிறுவரைப் பல்கலைக்கழகத்தார் தேடி அளந்து, ஓட்டலுக்குப் போல நட்சத்திரமும் இட்டு அழைத்துச்செல்வர். டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி மாணவரான டுரூ பிரீஸ் என்பார்க்கு 1995ஆம் ஆண்டின் இறுதியில் இதே முழங்கால் நார் அறுந்தது. அடுத்த ஆண்டு அவர் மீண்டு வந்து, ஓராட்டமும் தோலாது பள்ளிக்கு மாநில வெற்றியைத் தேடித் தந்தார். இருந்தும் பெரும் பல்கலைக்கழகங்களுள் அவரை அழைத்தவை பர்டியூ, கென்டக்கி என்னும் இரண்டே. அவர் பர்டியூ சென்றார். பின்னொருநாள் அவர் தோளும் குலைந்தது. மயாமி நகரக் குழுவினர் ஐயுற்றுப் பின்வாங்க, 2006இல் நியூ ஆர்லியன்ஸ் குழு ஏற்றுக்கொண்டது. 2010இல் அந்நாட்டின் தலையாய கோப்பையை அவர் அக்குழுவுக்கு ஈட்டினார். ஐயுற்றோரை அறிவிலிகள் என்று யாம் சொல்லமாட்டோம். அவர் மருத்துவரும் படம் பார்த்தே பேசினர். ஏற்றுக்கொண்டவர், ஆறு மாதம் பொறுத்து அத்தோளைப் பேணவும் உடன்பட்டனர். வேறுபாடு அங்கேதான்.

நம்மவர் மைக்கேல் சூசைராஜ், குமரிக் கடற்கரையினர், 2020ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் சூப்பர் லீக்கின் முதலாட்டத்திலேயே முழங்காலிற் காயமுற்று அப்பருவம் முழுவதையும் இழந்து, பின்னர்த் திரும்பினார். அவருக்குப் பின்னே ஒரு பெருங்குழுவும் அதன் மருத்துவரும் நின்றனர். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பின்னே என்ன நின்றது? ஐந்தாம் வயதிற் பஸ் ஏறி வலக்கால் நசுங்கிய அவர்க்குள் உயரந்தாண்டும் ஆற்றலைப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரே கண்டுரைத்தார் என்பர். 2016இல் ரியோ நகரப் பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொன் பெற்றார்.

பொழுது விடிந்ததும் எம் தாளை எடுத்தோம். கட்டங்களை நிரப்ப மனமில்லை. மாறாக, அவனையும் அவன் தந்தையாரையும் அருகிருத்திச் சில வினாக்களை வினவினோம். அறுவைக்கு நாள் கொடுத்தார்களா? கொடுத்தார்கள், இன்னும் உடன்படவில்லை. ஏன்? "அறுவை ஒருநாள் வேலை, தம்பி. அதற்குப் பின் வாரம் மூன்றுநாள் கீழே வந்து பயிற்சி செய்யவேண்டும் என்கிறார்கள். ஒருமுறை இறங்கி ஏறினால் ஒருநாள் போயிற்று. மிளகு பறிப்புக் காலத்தில் யார் அழைத்துச்செல்வது? பயிற்சி இல்லாமல் அறுத்து என்ன பயன்?" என்றார் தந்தையார். நல்ல வினா. எம் கல்லூரி விடுதியிலிருந்து உடலியக்கச் சிகிச்சை செய்யும் இடம் எட்டு நிமிட நடை. யாம் அளக்க வந்தது அவன் முழங்காலை. ஆனால் அம்முழங்கால் தேறுவது, யாம் இடம் கொடுக்கின்றோமா என்பதையே சார்ந்திருந்தது. தராசே பண்டத்தின் எடையை மாற்றுமாயின் வாணிகன் என்ன எழுதுவான்?

பிறகு அவனிடம் கேட்டோம்: "தம்பி, பந்தை மறந்துவிடு. காலும் தேறவில்லை என்று வைத்துக்கொள். கல்லூரிக்கு வருவாயா?" அவன் சிறிது நேரம் மிளகுக்கொடியைப் பார்த்திருந்தான். "தாவரவியல் கிடைத்தால் வருவேன் அண்ணா" என்றான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் அவன் பெற்ற மதிப்பெண் எம் மதிப்பெண்ணினும் அதிகம். எவ்வளவு அதிகம் என்று எழுத நாணம் தடுக்கின்றது.

எம் அறிக்கை ஒரு பக்கத்தை மிஞ்சிற்று. சுருக்கம் இது. முதலாண்டு இவன் ஆடமாட்டான், ஆடவிடவும் கூடாது. இரண்டாமாண்டு ஆடக்கூடும். முன்னைய வேகத்தில் ஒரு பங்கு குறையலாம். நால்வரில் ஒருவர்க்கு நேர்வது இவனுக்கும் நேரலாம். கண் குறையவில்லை, பந்தடக்கம் குறையக் காரணமில்லை, ஓரத்தில் ஓடாவிட்டாலும் நடுவில் நின்று பந்தைப் பகிர்ந்தளிக்க வல்லான். இவையெல்லாம், அறுவை ஜூலைக்குள் நிகழ்ந்து, ஒன்பது மாதம் பயிற்சி விடாமல் நடந்தால். பயிற்சியைக் கல்லூரி ஏற்காதாயின், சமவெளிப் பையனையே எடுத்துக்கொள்ளல் நேர்மை. இவனை எடுத்துப் பின் கைவிடுதல் வேண்டா. அதன்கீழ் அவன் தாயாரின் வினாவை அவர் சொற்களிலேயே எழுதி, 'இதற்கு யாம் விடை கூறவில்லை. கூறும் அதிகாரம் எமக்கில்லை' என்று முடித்தோம். ஆறு கட்டங்களும் வெறுமையாகவே இருந்தன.

இயக்குநர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நான் உன்னிடம் ஆம், இல்லை என்று ஒரு சொல் கேட்டேன்" என்றார்கள். "ஐயா, அந்தச் சொல் தங்களிடமே இருக்கின்றது" என்றோம். சொன்னபின் அஞ்சினோம். அவர்கள் சினக்கவில்லை. தாளை மடித்துப் பையிலிட்டுக்கொண்டு முதல்வரின் அறைக்குச் சென்றார்கள். அலமாரி மேல்தட்டுக் காலணியின் கதை எம்மினும் அவர்கட்கே நன்றாய்த் தெரியும்.

இரண்டு வாரத்துக்குப்பின் வந்த சேர்க்கைக் கடிதத்தில், ஆடினும் ஆடாவிடினும் மூன்றாண்டுக் கட்டணச் சலுகை நீங்காது என்று ஒரு வரி தனியே தட்டச்சிடப்பட்டிருந்தது. சமவெளிப் பையனுக்கு அவ்வாண்டு எம் கல்லூரியில் இடமில்லையாயிற்று. அவன் வேறு கல்லூரியிற் சேர்ந்து, டிசம்பரில் எமக்கெதிராக ஆடினான். ஒரு கோலும் போட்டான். அவன்பால் எமக்கு ஒரு கூச்சம் இன்னும் உண்டு.

அறுவை ஜூலை மாதக் கடைசியில் நடந்தது. இதனை எழுதும் பிப்ரவரியில் மாதம் ஏழு நிரம்பவில்லை. அவன் காலை ஐந்தரைக்கு எழுந்து உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றவிடத்திலேயே ஓடும் சைக்கிளை மிதிக்கின்றான். மாலையில் நூலகச் சுவர்ப்பக்கம் தனியே பந்தைத் தட்டித் தட்டி வாங்குகின்றான். எதிரியோடு மோதும் ஆட்டத்துக்கு ஏப்ரல் கழியவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. நூலகர் சுவரைப் பற்றி இருமுறை முறையிட்டுள்ளார். நேற்று அவன் எம் அறைக்கு வந்து, தையல் நாடாவைக் கேட்டு, தானே அளந்து காட்டினான். வேறுபாடு இப்பொழுது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. யாம் மீண்டும் ஒருமுறை அளந்தோம். அவன் நாடாவைச் சிறிது இழுத்துப் பிடித்திருந்தான். ஒன்றேகால்.